மூடி வைத்த டீ

துளசிமணிக்குத் தோற்றுப் பழக்கமில்லை. கணபதி வட்டாரத்தில் பாதிப் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள், பிரேக்கைப் பார்த்தாலே அழுத பள்ளிக்கூட டீச்சரைக்கூட அவிநாசி ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் போக வைத்தவள், இந்த ஒரு உருண்டை மண்ணிடம் மட்டும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தோற்றுக்கொண்டிருந்தாள். சக்கரம் சுற்றுகிறது. மண் உள்ளங்கைக்குள் முட்டுகிறது, ஒரு சுற்றுக்கு ஒரு முட்டு, பால் குடிக்கும் கன்று மாதிரி. அவள் அழுத்தினாள், அது இன்னும் முட்டியது. மண்பாண்ட வகுப்பு நடத்தும் நிலோஃபர் சொல்வாள், அழுத்தாதீங்க ஆன்ட்டி, விடவும் செய்யாதீங்க, கையைச் சும்மா வெச்சிருங்க, மண்ணே வந்து நடுவுல உக்காந்துக்கும். சும்மா வைத்திருப்பதாம். சும்மா இருப்பது எப்படி என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், இதே பேச்சை அவள்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஹேண்டில இறுக்காத கண்ணு, வண்டி அதும்பாட்டுக்குப் போகும், நீ தூரத்தைப் பாரு. சொன்னது வாயோடு சரி, கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள். ஜன்னல் வழியாக வெயில் வந்து தண்ணீர் வாளியில் விழுந்தது. இந்த வகுப்பின் நோட்டீசில் மண்ணைத் தொட்டால் மனசு லேசாகும் என்று போட்டிருந்தார்கள், பெங்களூரில் இருக்கும் மகள் யாழினி அதைப் பார்த்துத்தான் இவளைக் கேட்காமலே சேர்த்துவிட்டாள். போய்த்தான் பாரேம்மா, நீ அழவே இல்ல, எனக்குப் பயமா இருக்கு என்றாள். அழாததற்கும் சட்டி பண்ணுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள் துளசிமணி. கேட்டுவிட்டு வந்துவிட்டாள். மனசு லேசாக வேண்டும் என்று அவள் வரவில்லை, அவளுக்கு ஒரு கப் வேண்டியிருந்தது. நாலு வாரத்தில் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கார்த்திகையில் வந்தவள், இப்போது மாசி.

கப் என்றால் ஏதோ ஒரு கப் இல்லை. புருஷன் குழந்தைவேலுவின் கப். பம்பு கம்பெனி ஒன்று தீபாவளிக்குக் கொடுத்த காப்பிக்கலர் கப், விளிம்பில் சில்லு பெயர்ந்தது, ஒருமுறை பிடி கழன்று பசை போட்டு ஒட்டியது, ஒட்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வளையம். பம்பு மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் மனுஷன், பட்டறையில் சின்ன வயதில் ஆள்காட்டி விரல் நசுங்கி அது மடங்காமலே நின்றுவிட்டது. அந்த விரல் நீட்டியபடியே நுழைந்து, கூடவே நடுவிரலும் நுழைகிற மாதிரிப் பெரிய பிடி அந்தக் கப்புக்கு மட்டும்தான் இருந்தது. இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தூக்கிப் போட்டாள். உதட்டைக் கிழித்துக்கொள்ளப் போகிறார் என்று பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது, பதினோராவது தடவை சொல்லாமல் காலையில் வந்த குப்பை வண்டியில் போட்டுவிட்டு, கடையில் போய் வெள்ளை வெளேரென்று பூப்போட்ட கப் ஆறு வாங்கி வந்தாள். அவர் புதுக் கப்பை எடுத்தார். விரல் நுழையவில்லை. கீழே வைத்தார், சில்வர் டம்ளரை எடுத்தார், டவலைச் சுற்றிப் பிடித்துக் குடித்தார். அதோடு பேச்சு நின்றது. கத்தியிருந்தால் இவளும் கத்தியிருப்பாள், அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். அவருக்குக் கத்த வராது, உம்மென்று இருக்கத்தான் வரும், இவளுக்கோ இறங்கிப் போக வராது, கல்யாணமான நாளிலிருந்து இதுதான் கதை. உம்மென்று இருப்பதற்கும் ஒரு முடிவு உண்டு. யார் முதலில் இறங்குகிறாரோ அவர் டீ போட்டு மற்றவர் முன்னால் வைக்க வேண்டும், மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கிடையாது, டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டியது, குடித்தால் சண்டை தீர்ந்தது. யாரும் பேசி வைத்த வழக்கமில்லை, தானாக வந்தது. அவளுக்கு அவர் போட்ட டீ ஞாபகம் இருக்கிறது, சமாதானத்துக்கு என்று போட்டால் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார், நாக்கில் ஒட்டும். இந்தத் தடவை மூன்று நாளாகியும் இரண்டு பேரும் இறங்கவில்லை.

மண் முட்டிக்கொண்டேயிருந்தது. தண்ணீரைத் தொட்டுக்கொண்டாள். நாலாம் நாள் காலை. இங்கேதான் எப்போதும் வந்து நிற்கும், சக்கரம் எத்தனை சுற்று சுற்றினாலும் மண்ணின் அதே மேடு வந்து கையில் இடிக்கிற மாதிரி, அந்தக் காலை வந்து இடிக்கும். விடியற்காலையில் எழுந்தாள், சமையலறைப் பக்கம் போகவில்லை, வீம்பு, நான் ஏன் டீ போடணும் என்கிற வீம்பு. அவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நேராக மைதானத்துக்குப் போய்விட்டாள், இரண்டு பெண்களுக்கு எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தாள், ஒருத்தி கொடிக்கம்பத்தில் மோதினாள், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரித்திருக்கிறாள். திரும்பி வந்தபோது பாத்ரூம் கதவு பாதி திறந்து கிடந்தது. அதற்குப் பிறகு ஆட்டோ, ஆஸ்பத்திரி, டாக்டர் தலையை ஆட்டியது, எல்லாம் மற்றவர்களுக்கு நடப்பது போல நடந்தது. மத்தியானம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூட்டம். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனபோதுதான் பார்த்தாள், மேடையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளர், அதன்மேல் ஒரு சின்னத் தட்டு. மூடி வைத்த டீ. ஒன்றே ஒன்று. தட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிப் போய்விட்டாள். பிறகு நாத்தனார் பாவாயி வந்து மேடையை ஒழித்து, டீயைக் கொட்டி, வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள், தொட்டியில் டம்ளர்கள் மலையாகக் குவிந்தன, அதில் அவர் குடித்த டம்ளர் ஒன்று இருந்ததா இல்லையா என்று இனி எந்தச் சாமி வந்து சொல்லும்.

அவளுக்கென்று போட்டாரா? மூடி வைத்திருந்தாரே, தனக்கென்றால் ஏன் மூட வேண்டும், அவர் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற ஆள். அப்படியானால் அவர் இறங்கி வந்துவிட்டார், சண்டை தீர்ந்துவிட்டது, அவர் கோபமில்லாமல் போனார். இந்த இடம் வரைக்கும் மனம் நன்றாக ஓடும். உடனே அடுத்த சுற்றில் இடிக்கும். தனக்குப் போட்டுக்கொண்டு, பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து குடிக்கலாம் என்று மூடி வைத்திருந்தால்? டவலைச் சுற்றிப் பிடிக்க வேண்டுமே என்று கொஞ்சம் ஆற விட்டிருந்தால்? அந்தக் கப் இருந்திருந்தால் ஆற விட்டிருக்க மாட்டார். அப்படியானால் மனசில் வைத்துக்கொண்டேதான் போயிருக்கிறார், கடைசியாக நினைத்ததும் அந்தக் கப்பைத்தான் இருக்கும், அதைக் குப்பையில் போட்டவளைத்தான் இருக்கும். பிறகு முதலிலிருந்து. அவளுக்கென்றா, தனக்கென்றா. ஆடியிலிருந்து இந்த ஒரே கேள்விதான், அடுப்படியில், வண்டியில், கோயில் வரிசையில். யாரிடம் கேட்பது, கேட்டால் சிரிப்பார்கள், புருஷன் போய்விட்டார், இவள் டீயைப் பற்றிக் கேட்கிறாள் என்பார்கள். எழவு வீட்டில் பெண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், எப்போது அழுவாள் என்று. கோபமாக இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத ஆளுக்காக எப்படி அழுவது? அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது அழுதால் அது தோற்ற மாதிரி ஆகிவிடாதா? அதனால் ஒன்று செய்யலாம் என்று முடிவு பண்ணினாள். கப்பைச் செய்து கொடுத்துவிடலாம். இரண்டு விரல் நுழைகிற பிடி வைத்து, அதே அளவில். டீ போட்டு அவர் படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம். இந்தத் தடவை இவள் இறங்கியதாகவே இருக்கட்டும். இறங்கிய பிறகு அவர் என்ன செய்வார் என்பது அவர் பாடு.

அதை நினைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது இடிப்பது நின்றிருந்தது. சக்கரம் சுற்றுகிறது, தண்ணீர் மினுங்குவதில்தான் சுற்றுவது தெரிகிறது, மண் நகரவில்லை, நகராதது போல அவ்வளவு நேராகச் சுற்றுகிறது, உள்ளங்கைக்குள் ஒன்றுமே இல்லை, வழவழப்பும் குளிர்ச்சியும் மட்டும். மூச்சை விடவும் பயமாக இருந்தது. பயந்தால் நடக்குமா, அவள் துளசிமணி. இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்து இறக்கினாள், மண் திறந்து வழிவிட்டது, அடியில் கொஞ்சம் விட்டு நிறுத்தினாள், உள்ளே ஒரு கை வெளியே ஒரு கை, மெல்ல மேலே இழுத்தாள். சுவர் எழும்பியது. எழும்பி நின்றது. அவள் விரல் நுனிகளுக்கு நடுவில் ஈரமான ஒரு சுவர் வளர்ந்துகொண்டே போனது, அது அவ்வளவு சுகமாக இருந்தது, சுகம் என்ற வார்த்தையைக் கடைசியாக எப்போது நினைத்தாள் என்று தெரியவில்லை. நிலோஃபர் ஒரு டீ டம்ளரைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள், பதினோரு மணி டீ, அவளுடைய அம்மா போட்டு அனுப்புவது. துளசிமணி திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஒருமுறை இழுத்தாள். உதட்டை ஸ்பாஞ்சால் வழித்தாள். பெடலிலிருந்து காலை எடுத்தாள். சக்கரம் நின்றது. அதே உயரம், அதே அகலம், கையால் அணைத்துப் பார்க்காமலே தெரிந்தது. பிடி ஒன்றை வைத்துவிட்டால் போதும். பார்த்தீர்களா, செய்துவிட்டேனா இல்லையா என்று அவரிடம் சொல்லிவிட்டாள், வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

“பாத்துட்டேன் ஆன்ட்டி, சூப்பர்” என்று வந்து குனிந்தாள் நிலோஃபர். தன்னிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டாள், பாவம். முப்பது வயதுகூட இருக்காது, முக்காட்டை மண் படாமல் பின்னால் முடிந்திருப்பாள், யாரையும் அதட்ட மாட்டாள், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். இங்கே வருகிறவர்கள் நேராக நிற்கிற மாதிரிச் செய்யும் முதல் பாண்டத்தைக் கம்பி வைத்து உச்சியிலிருந்து அடிவரை இரண்டாக அறுக்க வேண்டும். சுவர் எங்கே கனம், எங்கே மெலிசு, கை எங்கே அவசரப்பட்டது என்று வெட்டின இடத்தில் தெரியும், வெளியே எத்தனை பார்த்தாலும் தெரியாது. அறுத்த மண் வாளிக்குப் போகும், பிசைந்து மறுபடி சக்கரத்துக்கு வரும். பேங்கில் வேலை பார்க்கும் ஒருத்தர் தன்னுடைய கிண்ணத்தை அறுத்த அன்று முகம் சுண்டி உட்கார்ந்திருந்தார், துளசிமணி அவரைக் கேலி செய்தாள். அறுக்கும் கம்பி போன வாரம் அறுந்துபோனதால், குழந்தைவேலுவின் பட்டறையை இப்போது நடத்தும் பையனிடம் கேட்டு, காயில் சுற்றும் செம்புக் கம்பியில் ஒரு முழம் வாங்கி, இரண்டு பக்கமும் குச்சி கட்டிக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். அந்தக் கம்பியை நிலோஃபர் நீட்டினாள்.

“இது முடியாது கண்ணு.”

“ஆன்ட்டி, எல்லாருக்கும் ஒரே ரூல்தானே.”

“ரூலெல்லாம் அடுத்ததுக்கு வெச்சுக்கலாம். நான் நூறு பண்ணித் தாரேன், நூறையும் அறுத்துக்கோ. இத விட்டுரு.”

“இதுலதான் உங்க கை எப்படீன்னு தெரியும். அடி கனமா இருந்தா சூளைல வெடிச்சுரும் ஆன்ட்டி. அப்ப அதவிட வருத்தமா இருக்கும்.”

“வெடிக்காது.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நான் சொல்றேனல்ல.” குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பேங்க்காரர் திரும்பிப் பார்த்தார். “இது எங்க ஊட்டுக்காரருது கண்ணு” என்றாள் மெதுவாக. நிலோஃபர் கம்பியைச் சக்கரத்தின் ஓரத்தில் வைத்தாள். “டீ குடிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போவது. இந்தப் பெண்ணுக்கு அது என்னவென்று தெரியாது. துளசிமணி கையைத் துடைத்தாள், மண் காய்ந்து தோலை இழுத்தது, விரல் மடக்கினால் வெடித்தது, மடங்காத விரல் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்தாள். ஸ்டூல் பக்கம் திரும்பினாள். ஜன்னல் கட்டையிலிருந்து ஸ்டூல் காலில் ஏறி ஒரு வரிசை, சின்னச் சின்னதாக, மும்முரமாக, டம்ளரின் விளிம்பைச் சுற்றி மொய்த்திருந்தன. எறும்பு. நிலோஃபரின் அம்மாவுக்கு டீ என்றால் பாதி சர்க்கரை. அட, அதற்குள்ளா என்று நினைத்தாள், நினைத்த அதே வார்த்தை வேறு ஒரு குரலில் கேட்டது. அட, அதுக்குள்ளயா. பாவாயியின் குரல், மூக்கடைத்த, அழுது கரகரத்த குரல், சமையலறைக்குள்ளிருந்து. அன்று மத்தியானம், இவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், ஊதுபத்தி, யாரோ ஒப்பாரி எடுத்தார்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவில் உள்ளே தட்டு கிணுங்கியது, பாவாயி யாரிடமோ சொன்னாள், அட, அதுக்குள்ளயா, டீயச் சுத்தி ஒரே எறும்பா மொய்ச்சுக் கெடக்குது பாரு, கொட்டிரட்டுமா. அது காதில் விழுந்திருக்கிறது. விழுந்து, அழுகைக்கும் ஊதுபத்திக்கும் கீழே எங்கேயோ போய் இத்தனை மாதமாகப் படுத்திருந்திருக்கிறது. எறும்பு. எறும்பு எதற்கு மொய்க்கும்? குழந்தைவேலுவுக்குச் சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காகிறது, பட்டறையில் யாராவது மைசூர்பாகு கொடுத்தால் ஒளித்துத் தின்பார், அது வேறு, ஆனால் டீ மட்டும் சர்க்கரை இல்லாமல்தான், இனித்தால் என்ன இது பாயசமா என்று கொட்டிவிடுவார். அவர் குடிக்கிற டீயில் எந்த எறும்பும் எட்டிக்கூடப் பார்க்காது. சர்க்கரை போட்டிருக்கிறார். அள்ளிக் கொட்டியிருக்கிறார். இவள் மைதானத்தில் இருக்கிறாள் என்று தெரிந்து, வந்ததும் குடிக்கட்டும் என்று, தூசி விழாமல் தட்டைப் போட்டு மூடிவிட்டு, அந்தப் பக்கம் போயிருக்கிறார்.

அவளுக்குத்தான். சக்கரம் நின்று கிடந்தது, எதுவும் இடிக்கவில்லை. இன்னொரு தடவை வேண்டுமென்றே சுற்றவிட்டுப் பார்த்தாள், தனக்கென்று போட்டிருந்தால் என்று ஆரம்பித்தாள், எறும்பு வந்து நின்றது, அதற்கு மேல் அந்தக் கேள்வி போகவில்லை. மனுஷன் அவளுக்கு முன்னால் இறங்கிவிட்டார். மூன்று நாள் உம்மென்று இருந்துவிட்டு, கடைசியில் அவர்தான் இறங்கினார், எப்போதும் அவர்தான் இறங்குவார், எண்ணிப் பார்த்தால் இவள் டீ வைத்த தடவைகளைக் கைவிரலில் சொல்லிவிடலாம். கண்ணில் என்னவோ வந்தது. கையில் மண் இருந்ததால் துடைக்க முடியவில்லை, அதனால் வந்தபடி விட்டுவிட்டாள். பிறகு அது நிற்கவில்லை. தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது, ஒரு சத்தம் வந்தது, அது தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பேங்க்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், நிலோஃபர் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். யாரும் கிட்டே வரவில்லை. மின்விசிறி சுற்றியது. தோற்ற மாதிரி இருக்கும் என்றுதானே இத்தனை நாள் பயந்தாள், அப்படி ஒன்றும் இல்லை, பசித்து உட்கார்ந்து சாப்பிடுவது போலத்தான் இருந்தது. அழுது முடிக்கச் சற்று நேரமானது.

முடித்ததும் செம்புக் கம்பியை எடுத்தாள். இரண்டு குச்சியையும் பிடித்து இழுத்து விறைப்பாக்கினாள், கப்பின் உச்சியில் நடுவில் வைத்தாள், ஒரே இழுப்பில் கீழே கொண்டுவந்தாள். இரண்டு பாதியையும் விலக்கி வைத்தாள். மேலே சுவர் சீராக, மெலிசாக, நன்றாகவே வந்திருந்தது. அடியில் மட்டும் மண் மொத்தையாக அடைந்து கிடந்தது, உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மாட்டேன் என்கிற மாதிரி.

“நீ சொன்னது சரிதான் கண்ணு, அடி கனம்” என்றாள். “வெடிச்சிருக்கும்.”

நிலோஃபர் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது, ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. “அடுத்ததுல அடியக் கொறச்சுக்கலாம் ஆன்ட்டி. அங்கிளுக்குத்தானே, அழகாப் பண்ணீரலாம்.”

“பண்ணலாம், பண்ணலாம். அவசரமில்ல. மொதல்ல எனக்கு ஒண்ணு பண்ணிக்கறேன்.” இரண்டு பாதியையும் ஒன்றாக அமுக்கி உருட்டி வாளியில் போட்டாள்.

“டீ ஆறிப்போச்சு, எறும்பு வேற ஏறீருச்சு. குடுங்க, கொட்டீட்டு வேற கொண்டுவர்றேன்” என்று டம்ளரை எடுக்கப் போனாள் நிலோஃபர்.

“கொட்டாத.” மண் கையோடு டம்ளரை வாங்கிக்கொண்டாள் துளசிமணி. விளிம்பைச் சுற்றி ஊதினாள், எறும்புகள் சிதறின, ஒன்றிரண்டு உள்ளே மிதந்தன, விரலால் எடுத்துப் போட்டாள். பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது, நாக்கில் ஒட்டுகிற இனிப்பு. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் காலி டம்ளரை ஸ்டூலின்மேல் வைத்தாள்.